மூன்று பதக்கமும் ஒரு வெள்ளித் தலையும்

சாத்தனேந்தல் செல்லச்சாமிக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் தம்பியின் பெயரை இங்கிலீஷில், கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவியே படித்துவிடுவார். அதே பெயரைத் தாளில் எழுதிக் காட்டினால் திருதிருவென்று விழிப்பார். பதக்கத்தில் வெட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் அவருக்குப் படிப்பு வரும்.

தம்பி பூமிநாதன் கடற்பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவன். ஊரில் அவனுக்கு 'ஊசி போடாத டாக்டர்' என்று பெயர். மிளகாயும் கருவேல முள்ளும் தவிர வேறெதுவும் முளைக்க யோசிக்கிற பூமியில் பிறந்த பிள்ளைக்குக் கடலுக்குள் கிடக்கிற பாசிமேல் எப்படி ஆசை வந்தது என்பது யாருக்கும் விளங்கவில்லை. கண்மாய்ப் பாசியை மாடுகூடச் சீண்டாது, இவன் அதைப் படிக்கச் சீமைக்குப் போகிறானே என்று கேலி பேசினார்கள். தகப்பனார் இறந்த பிறகு செல்லச்சாமி உழுதார், பூமிநாதன் படித்தான். அதில் தியாகம் கியாகம் என்று ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தைக் கண்டாலே செல்லச்சாமிக்கு ஆகாது. கலப்பையைக் கையில் கொடுத்ததும் விட்டதடா சனியன் என்று மிளகாய்க் கொல்லைக்கு ஓடியவர் அவர்.

பூமிநாதனுக்கு முதலில் சென்னையில் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. நாடு சுதந்திரம் அடைந்து இரண்டாம் வருஷம், லண்டனில் விஞ்ஞானிகள் சங்கம் ஒன்று அவனை அழைத்துத் தங்கப் பதக்கம் கொடுத்தது. பிறகு கல்கத்தாவில் இன்னொரு வெள்ளி. நடுவில், மன்னார் வளைகுடாவில் அவன் கண்டுபிடித்த ஒரு பாசிக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார்களாம். உலகத்தில் அதுதான் பெரிய கௌரவம் என்று அவன் வேலை பார்த்த கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். செல்லச்சாமிக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. கடலுக்கு அடியில் கிடப்பதைப் பெயர் சொல்லி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு பதக்கத்தையும் பூமிநாதன் நேராக ஊருக்குத்தான் கொண்டுவருவான். அண்ணனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, வெட்டியிருக்கும் எழுத்துகள்மேல் மெதுவாக ஓட்டுவான்.

"இதான்ணே நானு. நீயே வச்சுக்க. எங்கிட்ட இருந்தா கடல் காத்துல கறுத்துப் போகும்."

அவனுக்குக் கல்யாணம் காட்சி இல்லை. பாசியைக் கட்டிக்கொண்டவனுக்குப் பெண் எதற்கு என்று ஊரே விட்டுவிட்டது. அதனால் பதக்கங்களுக்கு செல்லச்சாமியின் தகரப் பெட்டிதான் வீடு. அடியில் வேப்பிலை, அதன்மேல் பட்டுத்துணி, அதற்குள் மூன்றும். பார்க்க வருகிறவர்கள் மிளகாய் பறித்த கையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார். பிறகு லண்டன் கதை ஆரம்பமாகும். கதை வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. அவர் மனைவி வெள்ளையம்மாள் அடுப்படியில் இருந்தே குரல் கொடுப்பாள்.

"போன தடவ ராசா கைதட்டுனாருன்னீக. இப்ப ராசாவே கழுத்துல போட்டுவிட்டாருங்கிறீக. அடுத்த தடவ சாத்தனேந்தலுக்கே வந்து கஞ்சி குடிப்பாரு போல."

"குடிப்பாருடி. ஒன் கஞ்சியக் குடிச்சா அப்பறம் அவுக ஊருக்குப் போகத்தான் மாட்டாரு."

ஐம்பத்தேழாம் வருஷம் ஆராய்ச்சிக்கூடத்து ஜீப் ஊருக்குள் வந்தது. இன்னொரு பதக்கம் என்று நினைத்து செல்லச்சாமி கையைக் கழுவிக்கொண்டு ஓடினார். ஜீப்பில் இருந்து இரண்டு பேர் பூமிநாதனைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வெகுநாளாகத் தூக்கம் இல்லையாம். கண்ணாடிப் புட்டிக்குள் கிடக்கிற பாசியிடம் பேசிக்கொண்டே இருக்கிறானாம். அண்ணனை அவன் ஏறிட்டுப் பார்த்தான். வழிப்போக்கனைப் பார்க்கிற பார்வை அது. செல்லச்சாமி ஈரக் கையைத் துடைக்க மறந்து நின்றார்.

சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள், கரண்ட் வைத்தார்கள், பொறுமையாகத்தான் வைத்தியம் செய்தார்கள். கடைசியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் எதைப் பார்ப்பது? எந்நேரமும் கிழக்கே பார்த்து நடக்கக் கிளம்புகிறவனைப் பிடித்து இழுத்து வருவதே வேலையாகப் போயிற்று. அந்தப் பக்கத்தில் புத்தி பேதலித்தவர்களை ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோவதற்கு யாரும் சாதி மதம் பார்ப்பதில்லை. செல்லச்சாமியும் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வெள்ளையம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தம்பியை வண்டியில் ஏற்றினார்.

தர்காவைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி, காவலுக்கு ஒரு சொந்தம். காலையும் மாலையும் ஓதிய தண்ணீர் குடிக்க வேண்டும், விளக்கெண்ணெயை நெற்றியில் தடவ வேண்டும். மற்றபடி காத்திருக்க வேண்டும். அங்கே அடங்கியிருக்கிற பாதுஷா நாயகம் கனவில் வந்து உத்தரவு கொடுத்தால்தான் இடத்தைவிட்டுக் கிளம்பலாம் என்பது அங்கே எல்லோரும் நம்புகிற முறை. நோயாளிக்கும் கனவு வரலாம், காவல் இருப்பவருக்கும் வரலாம். செல்லச்சாமி ஆயுசு முழுக்க உழுதுவிட்டுக் கட்டையாய்த் தூங்கியவர். ஒரு கனவுக்காக ஏங்கிப் படுத்தால் தூக்கமே வரவில்லை.

போன புதிதில் பூமிநாதன் கடலுக்குள் இறங்கிவிட்டான். கழுத்தளவு தண்ணீரில் நின்று எதையோ துழாவிக்கொண்டிருந்தவனை வலைக்காரர்கள் இழுத்துவந்து போட்டார்கள். அதற்குப் பிறகு சங்கிலி போடாமல் முடியவில்லை. மற்ற கொட்டகைகளிலும் சொந்தக்காரர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள். யாரையும் போடச் சொல்லாமல் செல்லச்சாமி தானே போட்டார். லண்டனில் பூட்ஸ் போட்டு நடந்த கால். வேட்டியைக் கிழித்துக் கணுக்காலில் சுற்றி, அதன்மேல் சங்கிலியை மாட்டிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதார்.

பக்கத்துக் கொட்டகையில் கீழக்கரை உம்மு ஹபீபா இருந்தாள். தோணி முழுகிப்போனதில் புத்தி கலங்கிய கணவனோடு வந்தவள். ஒரு சாயங்காலம் செல்லச்சாமி மனசு தாங்காமல் அவளிடம் சொன்னார்.

"எந்தம்பி சாதாரண ஆளு இல்ல தாயி. லண்டன்ல தங்கப் பதக்கம் வாங்குனவன். கடல்ல ஒரு பாசிக்கே அவன் பேரத்தான் வச்சிருக்காக."

உம்மு ஹபீபா அவரை இரக்கத்தோடு பார்த்தாள். அந்த வரிசையில் ஒருவன் தன்னைக் கலெக்டர் என்றான். இன்னொருவன் சேதுபதி ராஜாவின் வாரிசு. அவள் கணவனோ கொழும்பில் இருக்கிற கப்பல் எல்லாம் தன்னுடையது என்றான்.

"அல்லா ஒங்க தம்பிக்குச் சொகத்தைக் குடுப்பான் அண்ணே," என்றாள். பிறகு தயங்கி, "ஒங்களுக்கும்" என்றாள்.

செல்லச்சாமிக்கு வந்த கோபத்தில், மறுநாளே வெள்ளையம்மாளை ஊருக்கு அனுப்பிப் பதக்கங்களைக் கொண்டுவரச் சொன்னார். தகரப் பெட்டி வந்தது. கொட்டகைக்காரர்கள் எல்லாம் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கலெக்டர்கூட எழுந்து நின்று சலாம் வைத்தார். பூமிநாதன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

உம்மு ஹபீபா மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்து உட்கார்ந்தாள். அவள்தான் நேர்ச்சை என்கிற அந்த ஊர் நேர்த்திக்கடனைப் பற்றிச் சொன்னாள். கண் நோவு என்றால் வெள்ளியில் கண், கை நோவு என்றால் கை, தலை நோவு என்றால் தலை. தகட்டில் அடித்து தர்காவில் கொண்டுபோய்ச் செலுத்துவது வழக்கம். கோயில்களிலும் அப்படித்தானே செய்கிறார்கள், செல்லச்சாமிக்குத் தெரியாததா? ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"கடையில வாங்கிப் போட்டா அது சும்மா வெள்ளிதான் அண்ணே. நமக்கு எது ரொம்பப் பிரியமோ அதுலேர்ந்து செய்யணும். நான் நிக்காவுல வாங்குன எம் மஹருக் கொலுச அழிச்சுத்தான் செஞ்சேன்."

தனக்கு ரொம்பப் பிரியமானது எது என்று யோசிக்க செல்லச்சாமிக்கு அவசியமே இருக்கவில்லை. அது பட்டுத்துணியில் சுற்றிப் பக்கத்திலேயே இருந்தது. வெள்ளையம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாங்க. அது கொழுந்தன் பொருளு. நம்ம வச்சிருந்தம், அம்புட்டுத்தேன்."

"அந்தத் தல வாங்குன பதக்கந்தானடி? அந்தத் தலைக்கே போகட்டும்."

"அவுககிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

"யாரைடி கேக்கச் சொல்ற? இந்தா ஒக்காந்திருக்கான், கேளு. நீயே கேளு!"

வெள்ளையம்மாள் பூமிநாதனைப் பார்த்தாள். அவன் சங்கிலிக் கண்ணிகளைத் தடவிக்கொண்டிருந்தான். தகரப் பெட்டியை எடுத்துப் புருஷன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கீழக்கரைப் பத்தர் தங்கப் பதக்கத்தைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எழுத்து வெட்டியிருக்கேய்யா. நல்ல வேலைப்பாடு. இத அழிக்கணுமா?" என்று இரண்டு தரம் கேட்டார். செல்லச்சாமி ஒருமுறை வாங்கி, விரலை எழுத்துகள்மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உமி நெருப்பில் வெள்ளிகள் இரண்டும் முதலில் உருகின. தங்கம் கொஞ்ச நேரம் பிடிவாதம் பிடித்தது. எழுத்து மழுங்கி, சப்பையாகி, பிறகு சொட்டு எண்ணெய் மாதிரி ஆயிற்று. வெள்ளியைத் தகடாக்கி, அச்சில் வைத்துத் தட்டி ஒரு தலை செய்தார் பத்தர். தங்கத்தை நெற்றியில் பட்டையாகப் பதித்தார். அந்த முகம் பூமிநாதனைப் போலவும் இல்லை, வேறு யாரைப் போலவும் இல்லை. அதை செல்லச்சாமி பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டுபோய் தர்காவில் செலுத்தினார்.

பூமிநாதன் தூங்க ஆரம்பித்தான். நேர்ச்சையாலோ, கடல் காற்றாலோ, சென்னை வைத்தியம் தாமதமாக வேலை செய்ததாலோ, யார் சொல்ல முடியும்? சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டான். வெள்ளையம்மாளைப் பார்த்து, உப்பு குறைவு என்றான். உப்பு குறைந்ததற்காக அன்று அவள் ஆனந்தமாக அழுதாள். பிறகு ஒரு காலை, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கையைப் பிடித்து, "அண்ணே" என்றான்.

செல்லச்சாமி சங்கிலியை அவிழ்த்துத் தூர எறிந்தார். கொட்டகை கொட்டகையாகப் போய்க் கல்கண்டு கொடுத்தார். கனவு வராவிட்டால் என்ன, கண் முன்னால் வந்துவிட்டதே என்று உம்மு ஹபீபாவிடம் சொன்னார். ஊருக்குக் கிளம்ப வண்டிக்குக்கூடச் சொல்லியாயிற்று.

ஒரு மத்தியானம் பூமிநாதன் வரிசையில் இருந்த கலெக்டரையும் சேதுபதி வாரிசையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, இவுக எல்லாம் நெசம்னு நெனச்சுத்தான சொல்றாக?"

"ஆமாடா. பாவம், சீக்குத்தான?"

"எனக்கும் என்னென்னமோ தோணுது. நான் லண்டனுக்குப் போன மாதிரி. பெரிய மண்டபத்துல எம் பேரச் சொல்லிக் கூப்புட்ட மாதிரி. ஒரு பாசிக்கு எம் பேரயே வச்ச மாதிரி." வெட்கத்தோடு சிரித்தான். "பாசிக்கு யாராச்சும் மனுசன் பேர வைப்பாகளா? நானும் இவுகளாட்டந்தானோன்னு பயமா இருக்குண்ணே."

செல்லச்சாமி அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "அம்புட்டும் நெசம்டா! ஏலே, சத்தியமா நெசம்!"

"நீ எம்மேல இருக்கிற பாசத்துல சொல்லுவ. ஹபீபாக்காவும் அவுக ஊட்டுக்காரர் சொல்றதுக்கெல்லாம் ஆமா போடுறாகள்ல? பதக்கத்தைக் குடு. அதுல எம் பேரு வெட்டியிருக்கும். தடவிப் பாத்தா எனக்குத் தெரிஞ்சு போகும்."

வெள்ளையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். செல்லச்சாமி பொய் சொல்லிப் பழகாதவர். லண்டன் ராஜா கதையை வளர்த்தது எல்லாம் பொய்யில் சேராது. நடந்ததை அப்படியே சொன்னார். பிரியமானதைக் கொடுக்கச் சொன்னார்கள், கீழக்கரைப் பத்தரிடம் போனேன், உருக்கினேன், தலையாக்கினேன், உன் தலைக்காகத்தான் கொடுத்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

பூமிநாதன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். புத்தி தெளிந்தவன் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"அந்தத் தலையவாச்சும் காட்டு."

செல்லச்சாமி ஓடினார். தர்காவில் பொறுப்பாக இருந்தவர் நல்ல மனுஷர், மறுக்காமல் அழைத்துப்போய்க் காட்டினார். வெள்ளித் தலைகள் ஒரு அண்டா நிறையக் கிடந்தன. எல்லாம் ஒரே அச்சு. ஊர் ஊராக இருந்து வந்த தலைகள். தங்கப்பட்டை வைத்தவையும் பல இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் படிக்க வரவில்லை. எடுத்ததை எல்லாம் திரும்ப வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

பூமிநாதன் அந்தக் கைகளைத்தான் பார்த்தான்.

"சரிண்ணே, விடு," என்றான். அண்ணனுக்கு ஆறுதல் சொல்கிற குரல். "எல்லாம் நோவுல வந்த நெனப்புத்தான். தெளிஞ்சுருச்சுல்ல? ஊருக்குப் போயி மொளகாக் கொல்லையப் பாப்போம்."

எவ்வளவு சொல்லியும் அவன் நம்பவில்லை. சொல்லச் சொல்ல, அண்ணன் தன்மேல் வைத்திருக்கிற பாசத்தை நினைத்துத்தான் கண் கலங்கினான். செல்லச்சாமி வண்டி இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தர்காவில் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கடுதாசி போட்டார். யாராவது ஒருவர் வந்து, இவர் இன்னார் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது போதும் என்று எழுதச் சொன்னார்.

சதக்கத்துல்லா வந்தார். பூமிநாதனுக்குக் கீழே வேலை பார்த்த இளம் விஞ்ஞானி. தர்கா வாசலிலேயே செல்லச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தோடு சொன்னார்.

"அய்யாவுக்கு டில்லியில பெரிய விருது குடுத்திருக்காங்க. நாந்தான் அவங்க சார்பா வாங்கிட்டு வந்தேன். இந்தாங்க, தங்கப் பதக்கம்."

செல்லச்சாமி தோள் துண்டில் கையைத் துடைத்தார். பிறகு விரலை வைத்தார். அதே எழுத்து. அதே வளைவு, அதே கோடு. இடையில் ஒரு எழுத்தில் விரல் எப்போதும் இடறுமே, அங்கேயும் இடறியது. பாதுஷாவே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கொட்டகைக்கு ஓட்டமாக ஓடினார். தம்பியின் விரலைப் பிடித்து, அவன் ஒரு காலத்தில் செய்த மாதிரியே, எழுத்துகள்மேல் ஓட்டினார்.

"படிடா. இதான் நீயி. படி."

பூமிநாதன் படித்தான். திருப்பிப் பார்த்தான். கையில் வைத்து எடை பார்த்தான். அவன் முகம் கனிந்தது.

"கீழக்கரைப் பத்தரு நல்லாத்தான் வெட்டியிருக்காரு," என்றான். "எனக்காக எதுக்குண்ணே இம்புட்டுச் செலவு?"

சதக்கத்துல்லா முன்னால் வந்தார். பத்தர் இல்லை அய்யா, டில்லி என்றார். லண்டன் மண்டபத்தைப் பற்றி, கல்கத்தாக் கூட்டத்தைப் பற்றி, அந்தப் பாசியைச் சேர்ந்து எடுத்த பாறையைப் பற்றிப் படபடவென்று சொன்னார். பூமிநாதன் அவர் முகத்தையே பார்த்தான். பதக்கத்தை அண்ணன் கையில் வைத்துவிட்டுத் தட்டியோரமாக நகர்ந்தான்.

"இவரப் போகச் சொல்லுண்ணே. அந்த நெனப்புல இவரும் வருவாரு. இதே மொகந்தான். இவரு பேசப் பேச எனக்கு அம்புட்டும் நெசம்னே தோணுது. மறுபடியும் வந்துருச்சு போலண்ணே. நான் கடலுக்குள்ள போயிருவேன்."

வலது காலை நீட்டினான்.

"கட்டிரு."

செல்லச்சாமி சதக்கத்துல்லாவைப் பார்த்தார். வாசலில் நின்ற வெள்ளையம்மாளைப் பார்த்தார். பதக்கத்தை மடியில் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த வேட்டித் துணியை எடுத்து, தம்பியின் கணுக்காலில் வலிக்காமல் சுற்றத் தொடங்கினார்.